அடியாள் வீட்டுச் சம்பந்தம்

மாங் துலோ தம் வாழ்நாளில் ஒரு கோழியைக்கூட அறுத்ததில்லை. வீட்டில் கோழிக்கறி என்றால் மனைவி லுமெங்தான் கத்தியை எடுக்க வேண்டும். அவர் வாசலில் போய் நின்றுகொண்டு ரயில் வருகிறதா என்று பார்ப்பார். இருந்தும் மணிலாவில் ஒரு தலைமுறையே அவரைக் கொலைகாரன் என்று நம்பியது. நம்பாதவர்கள் சினிமா பார்க்காதவர்கள்.

தியோதுலோ என்பது ஞானஸ்நானப் பெயர். அதைச் சுருக்கித் துலோ. வயதுக்குரிய மரியாதைக்கு முன்னால் ஒரு மாங். சண்டைப் படங்கள் கறுப்பு வெள்ளையில் ஓடிய காலத்தில் அவர் அடியாளாக உத்தியோகம் பார்த்தார். தலைமை வில்லன் அல்ல. அந்தப் பதவிக்கு ஸ்பானிய மூக்கும் சுருட்டும் வெள்ளைக் கோட்டும் தேவை. அவனுக்குப் பின்னால் கைகட்டி நிற்கும் நால்வரில் கன்னத்தில் தழும்புள்ளவர் துலோ. தழும்பு சிறுவயதில் ஆடு முட்டியதால் ஏற்பட்டது. இந்த உண்மையை அவர் எந்த இயக்குநரிடமும் வெளியிடவில்லை.

உத்தியோகம் கிடைத்ததே விழுந்ததால்தான். இளைஞனாகத் திவிசோரியா சந்தையில் முட்டைக்கோஸ் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர், ஒருநாள் லாரியின் உச்சியிலிருந்து மல்லாக்க விழுந்தார். எதிரே ஒரு படப்பிடிப்பு. நாயகனின் குத்து வாங்கி விழவேண்டிய ஆள், பாய் விரித்துப் படுப்பவனைப்போல நிதானமாக விழுந்து இயக்குநரின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டுத் திரும்பிய இயக்குநர், "அந்த முட்டைக்கோஸ்காரனைக் கூப்பிடு. செத்துட்டானா? சாகலைன்னா கூப்பிடு" என்றார். துலோ சாகவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் பலமுறை செத்தார்.

அந்தக் கால அடியாட்களின் ஒழுக்கத்தைப் பற்றி வரலாறு எதுவும் எழுதவில்லை. நாயகன் ஒருவன், அடியாட்கள் பத்துப்பேர். பத்துப்பேரும் ஒரே சமயத்தில் பாய்ந்தால் படம் அங்கேயே முடிந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே ரேஷன் கடையில் அரிசிக்கு நிற்பதுபோல வரிசையாக நின்று, முன்னால் போனவன் விழுந்து முடித்த பிறகே அடுத்தவன் "ஆ" என்று கத்திக்கொண்டு போவான். யாரும் வரிசையை மீறியதில்லை. இந்த நாட்டில் அப்படி ஓர் ஒழுங்கு வேறெங்கும் காணப்பட்டதில்லை.

பூட்ஸ் நாயகனுக்கும் தலைமை வில்லனுக்கும் மட்டும். அடியாட்கள் சொந்தச் செருப்பிலேயே வந்து சாகவேண்டும். துலோ குத்து வாங்கினால் அரைவட்டம் சுழன்று, ஒருகணம் வானத்தைப் பார்த்து, அப்புறம்தான் விழுவார். அந்த அரைவட்டத்தில் அவருடைய இடதுகால் ரப்பர் செருப்பு தனியே கழன்று மேலே பறக்கும். முதலில் இயக்குநர்கள் திட்டினார்கள். திரையரங்கில் ஜனங்கள் கைதட்டியதும் திட்டுவதை நிறுத்திவிட்டார்கள். கூலியில் செருப்புக்கென்று எதுவும் சேர்க்கவில்லை.

திரையில் செய்த பாவத்துக்கு வெளியே தண்டனை கிடைத்தது. சந்தையில் ஒரு மீன்காரி, முந்தின வாரம் அவர் ஒரு குருடியின் பானையை உடைத்ததற்காக, முழு மீனால் அவர் முகத்தில் அறைந்தாள். மாதாகோயில் பூசையில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரத்தில் பக்கத்து இருக்கைக்காரர்கள் எல்லோருக்கும் ஒருசேரச் செருப்பு வார் அறுந்துபோகும், குனிந்துகொள்வார்கள். புனித வெள்ளி நாடகத்தில் வருடாவருடம் அவருக்குத்தான் யூதாஸ். லுமெங் அவரைக் கட்டிக்கொண்டதற்கு ஒரே காரணம், அவர் நடித்த ஒரு படத்தையும் அவள் பார்த்ததில்லை.

அதெல்லாம் பழைய கதை. கறுப்பு வெள்ளை போய், கலர் வந்து, வீடியோ வந்து, அடியாட்களுக்கு இயந்திரத் துப்பாக்கி வந்தது. ஒரே கணத்தில் முப்பது பேர் செத்தார்கள். எவன் எப்படி விழுந்தான் என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. துலோ கலோகானில் ரயில் பாதையோரத்து வீட்டின் ஜன்னலிலேயே ஒரு பெட்டிக்கடை வைத்து, காடியும் சோப்பும் விற்றுக்கொண்டு அமைதியாக இருந்தார். மகள் மரிவிக் கல்யாணத்துக்கு நிற்கும் வரையில்.

மாப்பிள்ளைப் பையன் ரெய்னான்தே நல்லவன். தையல் தொழிற்சாலையில் மரிவிக்குக்குப் பக்கத்து மிஷின். பையனின் பெற்றோர் முறைப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டோடு வந்து பெண் கேட்கப்போகிறார்கள். சிக்கல் பையனின் அப்பாவிடம் இருந்தது.

"அவரு சண்டைப்பட வெறியருப்பா. முன்னாடி பாலத்துக்கிட்ட காமிக்ஸ் வாடகைக் கடை வச்சிருந்தாராம். இப்பவும் அவரு ஆள் ஏத்தி ஓட்டற ஜீப்னி வண்டியில பின்னாடி முழுக்கப் பழைய நாயகன் படந்தான் வரைஞ்சு வச்சிருக்காரு" என்றாள் மரிவிக், முகம் வெளுத்து. "நீங்க படக் கம்பெனியில இருந்தீங்கன்னு மட்டும் சொல்லிருக்கேன். என்ன வேலைன்னு சொல்லல."

"என்னன்னு நெனச்சுக்கிட்டாங்க?"

"கரண்ட்டு வேலைன்னு நெனச்சுக்கிட்டாங்க. நான் இல்லைன்னு சொல்லல."

லுமெங் தலைமை ஏற்றாள். சுவரிலிருந்த புகைப்படங்கள் கட்டிலுக்கடியில் போயின. நாற்பது வருடமாக இருந்த மீசை ஒரே காலையில் போயிற்று. மேலுதடு மட்டும் வெயில் படாமல் வெளுத்துக் கிடந்ததற்கு வாழைப்பூக் கறையைத் தடவலாமா என்று ஒரு யோசனை வந்து கைவிடப்பட்டது.

"யோவ் துலோ, நல்லாக் கேட்டுக்க" என்றாள் லுமெங். "இன்னிக்கு நீ வாய தொறக்கக் கூடாது. சிரிக்கவும் கூடாது. நீ சிரிச்சா யாரையோ கடத்தப்போற மாதிரி இருக்கு. இந்தா, நம்ம பெரிய பையனோட தோல் ஷூ. அதைப் போட்டுக்க. உன் ரப்பர் செருப்பு என் கண்ணுல படக்கூடாது."

"ஒரு அளவு சின்னதா இருக்கே."

"பொண்ணு கல்யாணத்தை விடவா உனக்குக் கட்டைவிரல் பெருசு?"

மதியம் வந்தார்கள். மாங் கிரிஸ்புலோ பெரிய வயிறும் அதைவிடப் பெரிய குரலும் உடைய ஜீப்னி ஓட்டுநர். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் மனைவி மிலாக்ரோஸ் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வீட்டுக்குள் நுழைந்ததும் நாற்காலிகள் நேராக இருக்கின்றனவா என்று பார்ப்பவள். ஒரு பாத்திரம் நிறையப் பன்சித் நூடுல்ஸ், ஒரு தட்டில் எண்ணெயில் பொரித்த விரல்நீள லும்பியாச் சுருள்கள். காற்றே இல்லாத வெயில் என்பதால் சாப்பாட்டு மேசையை முற்றத்து மாமர நிழலுக்குக் கொண்டுபோனார்கள்.

மழை, பாதிரியார், பெட்ரோல் விலை என்று மரியாதையாக ஆரம்பித்த பேச்சு, இரண்டாவது லும்பியாவிலேயே தடம் புரண்டது.

"படக் கம்பெனியில இருந்தீங்களாமே மாங் துலோ! கரண்ட்டாமே!" என்றார் கிரிஸ்புலோ. "புண்ணியவான். எத்தனை சண்டைக்கு வெளிச்சம் போட்டிருப்பீங்க!"

துலோ தலையை மட்டும் அசைத்தார். மேசைக்கடியில் கட்டைவிரல் துடித்தது.

"இப்ப எடுக்கறானுங்களே, அதெல்லாம் படமா? மொத சீன்லயே நாயகன் ஹெலிகாப்டர்ல வந்து நூறு பேரைச் சுடறான். எதுக்குடா சுடறேன்னு கேட்டா அவனுக்கே தெரியாது. அந்தக் காலத்து நாயகன் ஒரு அடி அடிக்கணும்னா அதுக்கு முன்னாடி பாதிப் படம் அடி வாங்கணும். விழுந்தவனை அடிக்க மாட்டான். எழுந்திருக்கற வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பான். சுடறதுக்கு முன்னாடி சிலுவை போட்டுக்குவான்..."

"சிலுவை போட்டுட்டுச் சுட்டாக் கணக்குல வராதா?" என்றாள் மிலாக்ரோஸ். "என் வகுப்புல வந்து பாருங்க. பசங்க ஒருத்தனை ஒருத்தன் குத்திட்டு, நான்தான் நாயகன், அவன் வில்லன்கறானுங்க. அடிச்சவன்தான் நாயகன்னு உங்க படந்தான் சொல்லிக் குடுத்திருக்கு."

"வில்லனை அடிக்காம கொஞ்சவா சொல்ற?"

"வில்லனை விடுங்க. பின்னாடி நிக்கறானுங்களே, கூலிக்கு வந்தவனுங்க. ஒரு படத்துல முப்பது பேர் சாகறான். ஒருத்தனுக்காவது சவப்பெட்டி வச்சு, மெழுகுவத்தி ஏத்தி, வந்தவங்களுக்குக் காப்பி குடுத்தாங்களா? ஒருத்தன் பொண்டாட்டியாவது அழுதாளா? அவன் வீட்டுக்கு வரலையேன்னு சோறு மூடி வச்சுக்கிட்டு எவளோ உக்காந்திருப்பாளே, அவளை எவனாவது காட்டினானா?"

லுமெங்கின் கண் கலங்கியது. படப்பிடிப்பு முடியாமல் துலோ வராத இரவுகளில் சோறு மூடிவைத்துக் காத்திருந்தவள் அவள். "பன்சித் இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லி, பாத்திரத்தையே அவள் பக்கம் தள்ளினாள்.

இந்த இடத்தில்தான் துலோ அந்தத் தவறைச் செய்தார். எல்லோரும் மிலாக்ரோஸைப் பார்த்துக்கொண்டிருந்த தைரியத்தில் தோல் ஷூவைக் கழற்றி, தண்ணீர் டிரம் ஓரம் கிடந்த தம் ரப்பர் செருப்பைக் காலாலேயே துழாவி இழுத்து மாட்டிக்கொண்டார். கட்டைவிரல் சொர்க்கம் புகுந்தது.

"காமிக்ஸ் கடையில என்ன கூத்து தெரியுமா?" கிரிஸ்புலோ பழைய நாட்களுக்குள் போய்விட்டார். குரல்கூடச் சற்று இறங்கியது. "கயித்துல துணி காயப்போடற மாதிரி வரிசையாத் தொங்கவிட்டிருப்பேன். பெஞ்சுல உக்காந்துதான் படிக்கணும், வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. சாயங்காலம் திருப்பி வாங்கினா நாயகன் முகம் பளபளன்னு இருக்கும். வில்லன் முகம் இருக்காது. பேனாவால குத்தியிருப்பானுங்க. சிகரெட்டால கண்ணைப் பொசுக்கியிருப்பானுங்க. ஒரு கெழவி எச்சில் தொட்டு வில்லனைத் தேச்சே அழிச்சிட்டா. நான் ஒண்ணும் சொல்லல. நியாயம்தானே?"

"புஸ்தகத்தைக் கிழிக்கறது நியாயமா?" என்றாள் ஆசிரியை.

"நீ சும்மா இரு. எனக்கும் ஒருத்தன் மேல தீராத பகை இருக்கு. மாங் துலோ, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கரும்புத் தோட்டத்துப் படம். மொதல்ல காமிக்ஸா வந்துச்சு, அப்புறம் படமா எடுத்தாங்க. அதுல நாயகனோட அம்மா ஜெபமாலை சொல்லிக்கிட்டு இருக்கும். ஒரு அடியாள் பின்னாடியே வந்து..."

துலோவின் கையிலிருந்த முள்கரண்டி தட்டில் விழுந்தது. மரிவிக் தண்ணீர் ஊற்றும் சாக்கில் அப்பாவுக்கும் கிரிஸ்புலோவுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"எனக்கு அப்பப் பதினோரு வயசு. பக்கத்துல எங்கம்மா தேம்பித் தேம்பி அழறாங்க. எங்கம்மா அழுது நான் அன்னிக்குத்தான் பார்த்தேன். விடுவேனா? கால்சட்டையில உண்டிவில் இருந்துச்சு. எடுத்தேன், அவன் நெத்தியைப் பார்த்து விட்டேன் ஒண்ணு. திரையில ஓட்டை! காவலாளி காதைப் பிடிச்சு வெளியில தள்ளிட்டான். கடைசி வரைக்கும் பார்க்க விடலை. அவன் எப்படிச் செத்தான்னு எனக்குத் தெரியாமப் போச்சு. அப்புறம் படச்சுருள் எல்லாம் வெள்ளத்துல போயிடுச்சுன்னாங்க. காமிக்ஸ்ல பார்க்கலாம்னா, அவன் சாகற பக்கத்தை எவனோ கிழிச்சுட்டுப் போயிட்டான். முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. தெருவுல ஜீப்னி ஓட்டும்போதுகூட நெனச்சுக்குவேன், அந்தப் பாவி செத்தானா, இல்லை இன்னும் தப்பிச்சுத் திரியறானா?"

"ஆளைப் பார்த்தா அடையாளம் தெரியுமா?" என்றாள் லுமெங், உயிரைப் பிடித்துக்கொண்டு.

"முகம் மறந்துபோச்சு. கன்னத்துல தழும்பு, பெரிய மீசை. தழும்பு யாருக்குத்தான் இல்லை, இதோ மாங் துலோவுக்கே இருக்கு. ஆனா அவன் விழற விதம் மறக்காது. எந்தப் படத்துல அடி வாங்கினாலும் இடது கால் செருப்பு மட்டும் தனியாப் பறக்கும். என்னிக்காவது அவனைப் பார்த்தேன்... அவன் வீட்டுத் தண்ணிகூட என் தொண்டையில எறங்காது." இதைச் சொல்லிவிட்டு மரிவிக் ஊற்றிய தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார்.

துலோ மேசைக்கடியில் பாதங்களை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார். அத்தோடு பேச்சு நின்றிருந்தால் கல்யாணம் எந்தச் சேதமுமின்றி நிச்சயமாகியிருக்கும். மிலாக்ரோஸ் விடவில்லை. "இத்தனை நாயகன் பேசறீங்களே, நீங்க ஒரு நாளாவது யாரையாவது அடிச்சிருக்கீங்களா?" என்றாள்.

"அடிக்கத் தெரியாதுன்னா நெனச்ச? பாரு!" கிரிஸ்புலோ எழுந்தார். "நாயகன் இப்படிக் கையை மடக்குவான். இப்படி ஒரு அடி பின்னால போவான். மாங் துலோ, சும்மா எழுந்து நில்லுங்க. பயப்படாதீங்க, படாது. இப்படி ஒரே குத்து..."

குத்து படவில்லை. துலோவின் மூக்குக்கு ஒரு முழம் தள்ளித்தான் போயிற்று. ஆனால் துலோ பார்த்த குத்துகள் எல்லாமே ஒரு முழம் தள்ளிப் போனவைதாம். பல வருடம் பழகிய உடம்பு எஜமானனின் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. தாடை திரும்பியது. உடம்பு அரைவட்டம் சுழன்றது. அவர் ஒருகணம் மாமரக் கிளைகளுக்கு ஊடே வானத்தைப் பார்த்தார். பிறகு மேசை, பன்சித், நாற்காலி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு மல்லாக்க விழுந்தார்.

இடதுகால் செருப்பு எல்லோர் தலைக்கும் மேலே எழுந்து, நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி, கிரிஸ்புலோவின் காலடியில் வந்து விழுந்தது.

பாதையில் ஒரு ரயில் போயிற்று.

கிரிஸ்புலோ குனிந்து செருப்பை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தரையில் பன்சித்துக்கு நடுவே கிடந்தவரைப் பார்த்தார்.

"நீயா?" என்றார்.

மரிவிக் அழ ஆரம்பித்தாள். ரெய்னான்தே, "அப்பா, அது சினிமாப்பா" என்றான். யாருக்கும் அது ஆறுதலாகப் படவில்லை.

"நாந்தான்" என்றார் துலோ, எழுந்து உட்கார்ந்து. பொய்யும் மீசையும் சேர்ந்தே போய்விட்டன. "அந்தம்மாவை நாந்தான் கொன்னேன். வயசானவங்க. விழும்போது இடுப்பு வலிக்கும்னு சொன்னாங்க. அதனால பின்னாடி கையைக் குடுத்துத் தாங்கித்தான் கொன்னேன். மத்தியானம் அவங்க கொண்டுவந்த சோத்துல பாதியை எனக்குத்தான் குடுத்தாங்க. பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது சார். என் முகத்துக்காக அவளை வேண்டாம்னு சொல்லிடாதீங்க."

கிரிஸ்புலோவின் காதில் இதில் பாதி ஏறவில்லை. அவர் முகத்தில் ஜீப்னி ஓட்டுநர் மறைந்து, பதினோரு வயதுப் பையன் வந்துவிட்டிருந்தான்.

"எப்படிச் செத்த?" என்று கேட்டார்.

"சாகலை."

"என்னது!"

"செத்தேன். ரொம்ப நல்லாச் செத்தேன். கரும்புக் கொல்லையில, நாயகன் சுட்டு, ஒரு வரப்பு நெடுகத் தடுமாறி. வசனம்கூட உண்டு. அதுவரைக்கும் எனக்குக் குடுத்த வசனமெல்லாம் 'பிடிடா அவனை', 'பாஸ், தப்பிச்சுட்டான்'. அன்னிக்குத்தான் ஒரு முழு வாக்கியம். படம் நீளமாப் போச்சுன்னு அதை வெட்டிட்டாங்க. படத்துல நான் கரும்புக்குள்ள ஓடுவேன், அவ்வளவுதான். நீங்க கடைசி வரைக்கும் உக்காந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டீங்க. ஒருத்தரும் பார்க்கலை."

மிலாக்ரோஸ் மெதுவாக, "பாத்தீங்களா, பெட்டிகூட இல்லை" என்றாள்.

கிரிஸ்புலோ செருப்பை இடது கையில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு, மேசை சாயும்போது லுமெங் பிடித்துக் காப்பாற்றிய தட்டிலிருந்து ஒரு லும்பியாவை எடுத்துத் துப்பாக்கிபோல நீட்டினார்.

"இப்பச் சாவு" என்றார்.

லுமெங் "ஐயோ" என்றாள். ஆனால் துலோ அதற்குள் முற்றத்தின் கோடிக்குப் போய்விட்டார். அங்கே துணிக்கொடியில் தொங்கிய பாவாடைகளை விலக்கி, கரும்பை விலக்குவதுபோல, மூச்சிரைக்க வெளியே வந்தார். கிரிஸ்புலோ முறைப்படி சிலுவை போட்டுக்கொண்டார். அடியாள் தம் பக்கம் திரும்பும்வரை காத்திருந்தார். சுட்டார். சத்தத்தையும் அவரே போட்டார்.

துலோ சாக ஆரம்பித்தார்.

அதுபோன்ற சாவை அந்தத் தெரு கண்டதில்லை. முதல் குண்டில் தோள் பின்வாங்கியது. இரண்டாவதில் முழங்கால் மடிந்து, மடியாமல், மறுபடி நிமிர்ந்தது. தண்ணீர் டிரம்மைப் பிடித்தார், விட்டார். மாமரத்தைக் கட்டிக்கொண்டு வழுக்கினார். வேலிக்கு வெளியே சோப்பு வாங்க வந்தவர்கள் கூடிவிட்டார்கள்; முன்பு மீனால் அறைந்தவளின் மருமகளும் அதில் இருந்தாள். இனி விழுவார் என்று எல்லோரும் நினைத்தபோது அவர் விழாமல், கையை நீட்டி, கிரிஸ்புலோவின் சட்டையைப் பிடித்தார். வெட்டி எறியப்பட்ட வாக்கியம் ஓர் எழுத்துக் குறையாமல் வந்தது:

"உன் அம்மா... கடைசியா... உன் பேரைத்தான்டா சொன்னாங்க."

விழுந்தார்.

கிரிஸ்புலோ நின்ற இடத்திலேயே நின்றார். அவருடைய அம்மா போய் ஆறு வருடமாயிற்று. தோள்கள் குலுங்கின. அழுகையை மறைக்க வேண்டிய நாயகன், வேறு வழி தெரியாமல் தம் துப்பாக்கியைக் கடித்துத் தின்ன ஆரம்பித்தார். மிலாக்ரோஸ் அருகே போய் அவர் முதுகைத் தடவினாள். வன்முறையைப் பற்றி அவள் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

"போதும் மாங் துலோ, எழுந்திருங்க" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

துலோ அசையவில்லை. கண் மூடியிருந்தது. கழுத்தில் ஒரு கட்டெறும்பு ஏறிக்கொண்டிருந்தது, அதற்கும் அசையவில்லை.

"அடடா, நெஜமாவே..." கிரிஸ்புலோ பதறிப்போனார்.

"பயப்படாதீங்க" என்றாள் லுமெங். தரையில் சிந்திய பன்சித்தைத் தாண்டி வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். ஆபத்து எங்கே முடிந்து அதிர்ஷ்டம் எங்கே ஆரம்பிக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். "யாராவது 'கட்'னு சொல்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். அவருக்கு அதுதான் பழக்கம். ஒரு தடவை டைரக்டர் மறந்துட்டுச் சாப்பிடப் போயிட்டாரு, இவரு மழையிலேயே கெடந்தாரு. சுட்டவர் நீங்க, நீங்கதான் சொல்லணும்."

"கட்..."

"அவசரப்படாதீங்க சம்பந்தி" என்று குறுக்கே விழுந்தாள் லுமெங். "மொதல்ல கல்யாணத் தேதி. அப்புறம் கட்."

செத்தவரின் உதடு ஓரம் லேசாகத் துடித்தது. உடனே அதை அடக்கிக்கொண்டார்.

கிரிஸ்புலோ மனைவியைப் பார்த்தார். மிலாக்ரோஸ் மரிவிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு, "டிசம்பர். பள்ளிக்கூடம் லீவு விட்டதும்" என்றாள். "ஒரு நிபந்தனை. கல்யாண விருந்துல சண்டை கிடையாது."

"டிசம்பர்" என்றார் கிரிஸ்புலோ. "கட்!"

துலோ எழுந்து உட்கார்ந்து முதல் வேலையாக எறும்பைத் தட்டிவிட்டார். பிறகு தொழில்காரரின் கவலையோடு சம்பந்தியைப் பார்த்துக் கேட்டார்:

"செருப்பு பறந்துச்சா?"

கிரிஸ்புலோ தம் இடது கையைப் பார்த்தார். செருப்பு முழு நேரமும் அங்கேயே இருந்திருக்கிறது. முழங்காலிட்டு அதைத் துலோவின் காலில் மாட்டிவிட்டு, வாரை ஒருமுறை இழுத்துச் சரிபார்த்தார்.

"அது ஒண்ணுதான் கொறை" என்றார். "கொடிக்குப் பின்னால போங்க. மறுபடி மொதல்லேருந்து."

லுமெங் மீதியிருந்த லும்பியாத் தட்டை எடுத்து உள்ளே கொண்டுபோய்ப் பூட்டினாள்.